தேதி தவறாத வட்டி

ஆடிட்டர் ஆபீசில் நாங்கள் பச்சை மையில்தான் டிக் போடுவோம். கம்பெனிக்காரர்கள் நீலத்திலோ கறுப்பிலோ எழுதியிருப்பார்கள். அதன் பக்கத்தில் எங்கள் பச்சை விழுந்துவிட்டால் அந்த வரி சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். 1994-ல் பி.காம். சான்றிதழோடு திருவல்லிக்கேணி பெரிய தெருவில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறி வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் வவுச்சரை எடுப்பது, லெட்ஜரில் பார்ப்பது, டிக் போடுவது, இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. இன்று வரைக்கும் நான் செய்வது அதே வேலைதான். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல், மூழ்கிப்போன நிதி நிறுவனங்களின் கணக்குகளைப் பிரித்து, பணம் போட்டவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனி இல்லாத தெரு இல்லை. ஹையர் பர்ச்சேஸ், லீசிங், பெனிஃபிட் ஃபண்ட், தேக்கு மரத் திட்டம் என்று பெயர்கள்தான் வேறு. கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலில் சந்தனக் கிண்ணம், சுவரில் பெருமாள் படம், டெபாசிட் போட வருபவர்களுக்கு ஃபில்டர் காபி. வங்கி கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு வட்டி, சில இடங்களில் மூன்று மடங்கு. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று கமிஷன். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஏஜெண்டுகளாக இருந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பணம் போட்டார்கள்.

அப்படி ஒரு கம்பெனி எங்கள் ஆபீசின் கட்சிக்காரர். பெயர் வேண்டாம். அதன் எம்.டி. முப்பத்தெட்டு வயதுக்காரர். ஸ்கூட்டர் கடன் கொடுப்பதில் ஆரம்பித்து, கார், லாரி என்று வளர்ந்தவர். டெபாசிட்தாரர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பார். மோசடிக்காரன் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த மனிதரை ரொம்பப் பிடித்திருந்தது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றத் தொடங்கினார் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. முதல் மூன்று வருஷக் கணக்கு சுத்தமாகவே இருந்தது.

இந்தத் தொழிலின் கணக்கு வெளியே பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு கோடி ரூபாயை 24 சதவீதத்தில் வாங்கினால், வட்டிக்கு மட்டும் வருஷம் 24 லட்சம். ஏஜெண்ட் கமிஷன் மூன்று லட்சம். வாடகை, சம்பளம், விளம்பரம் தனி. ஆக, வாங்கிய பணம் அத்தனையையும் ஒரு நாள்கூடச் சும்மா வைக்காமல் முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டிக்கு விட்டு, ஒருத்தன்கூடத் தவணை தப்பாமல் இருந்தால்தான் தட்டுத் தடுமாறிச் சமாளிக்கலாம். அந்த வட்டியில் ஒழுங்கான வியாபாரி யாரும் கடன் வாங்க மாட்டான், வேறு எங்கேயும் கடன் கிடைக்காதவன்தான் வருவான். அவன் இரண்டு தவணை கட்டுவான், மூன்றாவது தவணைக்கு லாரியோடு காணாமல் போவான். டெபாசிட்தாரர் வட்டியை வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கோடி மூன்று வருஷத்தில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் ஆகிவிடும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

1996 மே மாதம் என்று நினைவு. அந்தக் கம்பெனியின் வங்கி பாஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வட்டி செக்குகள் பாஸ் ஆகும். பத்தி முழுக்க எறும்பு வரிசை மாதிரி 480 ரூபாய், 960 ரூபாய், 2,400 ரூபாய். பற்றுப் பத்தி இப்படி என்றால், வரவுப் பத்தியிலும் அதே மாதிரி எறும்பு வரிசை இருக்க வேண்டும். கார் கடன், லாரி கடன் வாங்கியவர்களின் தவணைகள் சின்னச் சின்னத் தொகையாக மாதம் முழுக்க வந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து, பன்னிரண்டு வரிதான் அப்படி இருந்தது. மற்றதெல்லாம் 50,000, 1,00,000, 2,00,000 என்று முழு எண்கள். 3-ஆம் தேதி, 4-ஆம் தேதிகளில் அவை வரவாகியிருந்தன. ஒவ்வொன்றையும் டெபாசிட் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் அன்றன்றைக்கு வந்த புது டெபாசிட். 4-ஆம் தேதி ஒருவர் போட்ட அசல், 5-ஆம் தேதி இன்னொருவர் வீட்டுக்கு வட்டியாகப் போயிருக்கிறது. முந்தைய மாதங்களையும் புரட்டினேன். பதினான்கு மாதமாக இதே கதை.

லெட்ஜரில் தப்பு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் வவுச்சர் இருந்தது. நானே பச்சை டிக் போட்ட வரிகள்தான் அத்தனையும்.

எங்கள் ஆடிட்டர் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பாரதி சாலை வழியாகக் கடற்கரைக்கு நடந்தார். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஆர்பத்நாட் கம்பெனி தெரியுமாப்பா?"

தெரியாது என்றேன். அன்றைக்கு அவர் மணலில் உட்கார்ந்து சொன்ன கதையைத்தான் பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்தேன். என் தொழிலில் எனக்கு வாய்த்த மூலபாடம் அது என்று சொல்வேன்.

போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வெள்ளைக்காரர் வணிக நிறுவனங்களில் மூன்று பெரிய பெயர்கள் இருந்தன. பாரி, பின்னி, ஆர்பத்நாட். மூன்றிலும் ஆர்பத்நாட்டின் பெயருக்குத் தனி மவுசு. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். வணிகர் சபைத் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தவர், சர் பட்டம் பெற்றவர். பென்ஷன்காரர்களும் மிராசுதார்களும் விதவைகளும், ஜில்லாக்களில் வேலை பார்த்த குமாஸ்தாக்களும் அந்தக் கம்பெனியில் பணம் போட்டார்கள். வெள்ளைக்காரர்களும் போட்டார்கள். பெயர்தான் கம்பெனி, உண்மையில் அது சில பேரின் கூட்டு வியாபாரம். வருஷா வருஷம் வரவு செலவை அச்சிட்டு ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பணம் போட்டவன் பார்க்கக்கூடியவை கடற்கரைச் சாலைக் கட்டடம், சர் ஜார்ஜின் சாரட்டு, தேதி தவறாமல் வரும் வட்டி. உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

லண்டனில் அதன் கூட்டாளி நிறுவனம் மெக்ஃபேடியன் கம்பெனி. சென்னையிலிருந்து போன பணத்தை அங்கே சூதாட்டம் போன்ற முதலீடுகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 20, சனிக்கிழமை, பேட்ரிக் மெக்ஃபேடியன் லண்டனில் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். திங்கட்கிழமை 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கதவை மூடியது. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கடன் கொடுத்தவர்கள் சுமார் 7000 பேர். பாக்கி கோடி ரூபாய்க்கு மேல். 1906-ன் கோடி அது. ஹைகோர்ட்டில் திவால் விவகாரம் நடந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணம் போட்ட இந்தியர்கள் பக்கம் நின்று கணக்குகளைத் தோண்டினார். தோண்டத் தோண்டத் தெரிய வந்தது என்னவென்றால், அந்தக் கம்பெனி 1906-ல் விழவில்லை. வருஷக்கணக்காகவே உள்ளே காலியாக இருந்திருக்கிறது. காலியாக இருந்த காலம் முழுக்க டெபாசிட் வாங்கிக்கொண்டும் வட்டி கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். லண்டனில் நடந்தது எனக்குத் தெரியாது என்ற சர் ஜார்ஜின் பேச்சு எடுபடவில்லை. 18 மாதக் கடுங்காவல் தண்டனை ஆயிற்று. வெள்ளைக்கார ஆட்சியில், ஒரு வெள்ளைக்காரப் பிரபுவுக்கு.

கிருஷ்ணசாமி ஐயர் அதோடு விடவில்லை. ஊர்ப் பணம் ஊர்க்காரர்கள் பொறுப்பில், நாலு பேர் கேள்வி கேட்கக்கூடிய ஒரு வங்கியில் இருக்க வேண்டும் என்று நண்பர்களைத் திரட்டினார். 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவானது, ஆகஸ்ட் 15-ல் வேலை தொடங்கியது. ஆர்பத்நாட்டின் கடற்கரைச் சாலைக் கட்டடத்தையே பிற்பாடு அந்த வங்கி வாங்கிக்கொண்டது. பாரிமுனைப் பக்கம் எந்த வேலையாகப் போனாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

இதை எழுதும்போது எங்கள் பெரிய தெருவின் டி.யு.சி.எஸ். ஞாபகத்துக்கு வருகிறது. ஆர்பத்நாட் விழுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1904-ல், திருவல்லிக்கேணிக்காரர்கள் சில பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு ஆரம்பித்த கூட்டுறவுப் பண்டகசாலை அது. அரிசியும் பருப்பும் நியாய விலைக்கு வாங்க வேண்டும் என்பதற்காக. அங்கே உறுப்பினன் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். ஒரே காலத்தில், கடற்கரையின் ஒரு பக்கம் அதுவும் இன்னொரு பக்கம் ஆர்பத்நாட்டும் இருந்தன என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சார் கதையை முடித்துவிட்டு எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நம்ம கையில இருக்கறது ஆடிட் ரிப்போர்ட் ஒண்ணுதாம்பா. அதுல எழுதிடுவோம்" என்றார்.

எழுதினார். தவணை வரவு போதவில்லை, வட்டிக்கான பணம் புது டெபாசிட்டிலிருந்து போகிறது, வராக் கடனுக்கு ஒதுக்கீடு செய்யவில்லை என்று நாலு வரி. எம்.டி. இரண்டு முறை நேரில் வந்து கேட்டுப் பார்த்தார், சார் மாற்றவில்லை. அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்தில் வேறு ஆடிட்டரை நியமித்துக்கொண்டார்கள். அந்த நாலு வரி ஆண்டறிக்கையின் பின் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சானது. டெபாசிட்தாரர் ஒருவர்கூட அதைப் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. படித்திருந்தாலும் அந்த மொழி புரிந்திருக்காது. ஆடிட்டர்களாகிய நாங்கள் எழுதும் மொழி அப்படி. அது எங்கள் குற்றம் என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் அப்போது குடியிருந்தது பார்த்தசாரதி கோயில் பக்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில். எதிர்ப் போர்ஷன் மாமி, கணவர் இறந்தபோது வந்த பி.எஃப்., கிராச்சுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தை அதே கம்பெனியில் போட்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். நான் அங்கே ஆடிட்டுக்குப் போகிறேன் என்று மாமிக்குத் தெரியும். ஒரு நாள் குழாயடியில் நிறுத்திக் கேட்டார்: "ஏண்டா அம்பி, நீ அங்கதான போயிண்டு இருக்கே? எல்லாம் சரியாத்தான இருக்கு? மாசம் பொறந்தா அஞ்சாம் தேதி செக்கு டாண்ணு வந்துடறது."

கட்சிக்காரரின் கணக்கை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். சார் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. "நான் வெறும் டிக் போடறவன் மாமி, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதிப் பணத்தையாவது எடுத்து வங்கியில் போடுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். தர்மம் கெடாமலே சொல்லியிருக்கலாம். இருபத்து மூன்று வயதில் எனக்கு அது தோன்றவில்லை.

1997 மே மாதம் வடக்கே சி.ஆர்.பி. என்ற பெரிய நிறுவனம் விழுந்தது. அதை நடத்திய பன்சாலியும் கணக்குப் படித்தவர்தான், சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். அந்த வருஷத் தொடக்கத்திலேயே ரிசர்வ் வங்கி சட்டத்தைத் திருத்தி நிதி நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். 1998 தொடக்கத்தில் டெபாசிட் வாங்குவதற்குக் கடுமையான வரம்புகள் வந்தன. புது டெபாசிட் நின்றால் பழைய வட்டி நிற்கும், அவ்வளவுதான். சென்னையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிக் கதவுகள் பூட்டிக்கொண்டன. தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்று ஊர் ஊராகப் பணம் வாங்கிய அனுபவ் நிறுவனமும் அந்த வருஷம்தான் போயிற்று. எங்கள் பழைய கட்சிக்காரரின் செக் ஒரு 5-ஆம் தேதி திரும்பி வந்தது. 6-ஆம் தேதி காலை வாசலில் முந்நூறு பேர். பெருமாள் படத்துக்கு முந்தின நாள் போட்ட மாலை வாடாமல் இருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது, முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். டான்பிட் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டங்களுக்கு அது முன்னோடி. சொன்னபடி பணம் திருப்பித் தராத நிதி நிறுவனத்தின் சொத்தையும் அதை நடத்தியவர்களின் சொத்தையும் அரசாணை போட்டு ஜப்தி செய்யலாம். வருவாய் அதிகாரி ஒருவர் பொறுப்பேற்பார். தனி நீதிமன்றம் ஜப்தியை உறுதி செய்து, ஏலம் விட்டு, வந்ததைப் பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கும். நடத்தியவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை. சட்டமே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2011-ல் பாஸ்கரன் வழக்கில் அது செல்லும் என்று தீர்ப்பானது. 1906-ல் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் சட்டம் இருப்பது வேறு, பணம் வருவது வேறு. என் வேலை அந்த இடைவெளியில்தான். போலீஸ் அள்ளி வந்த லெட்ஜர்கள் கோணிப்பையில் கிடக்கும். கரையான் தின்றது போக மிச்சத்தை வைத்து யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு வாங்கினார் என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று பெயரில் போட்டிருப்பார். ரசீதில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். நாமினி செத்துப்போயிருப்பார். ஜப்தியான நிலத்தைப் போய்ப் பார்த்தால் பாதி ஏரிப் புறம்போக்காக இருக்கும், மீதி வங்கியில் அடமானத்தில் இருக்கும். அலுவலகத்து ஏ.சி.யும் மேஜை நாற்காலியும் பழைய இரும்பு விலைக்குப் போகும். எம்.டி. எங்கே பணத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று டெபாசிட்தாரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒளித்தவர்களும் உண்டு. ஆனால் நான் பிரித்துப் பார்த்த கணக்குகளில் பெரும்பான்மையில், ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அது ஏற்கெனவே வட்டியாக, கமிஷனாக, விளம்பரமாக, ஏ.சி.யாகச் செலவாகியிருந்தது. இதை அவர்களிடம் சொல்வதுதான் என் தொழிலில் கஷ்டமான காரியம்.

பிற்பாடு வந்தவர்கள் இன்னும் பெரிய படிப்பாளிகள். சுபிக்ஷா கடைகளில் சாமான் வாங்காத குடும்பம் தென்சென்னையில் குறைவு. 1997-ல் தொடங்கி 2008-க்குள் நாடு முழுக்க 1600 கடைகளைத் தாண்டி வளர்ந்து, 2009-ல் இழுத்து மூடப்பட்டது. அதன் நிறுவனர் ஆர். சுப்பிரமணியன் ஐ.ஐ.டி.யிலும் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். அவருடைய இன்னொரு நிறுவனமான விஸ்வப்ரியாவில் பணம் போட்டவர்கள் தொடுத்த வழக்கில், 2023 நவம்பரில் டான்பிட் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. பணம் திரும்பாதவர்கள் 587 பேர், தொகை 137 கோடி. தீர்ப்பைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்தப் பாஸ் ஷீட்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்த வருஷமே, 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் நிதியில் முதிர்வுப் பணம் வரவில்லை என்று ஜனங்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த வழக்கு நடக்கிறது. தாத்தா காலத்திலிருந்து அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள்.

யாராவது என்னிடம் ரசீதைக் கொண்டுவந்து "இங்கே போடலாமா சார்?" என்று கேட்டால், எத்தனை சதவீதம் என்று நான் முதலில் கேட்பதில்லை. வட்டி எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்பேன். அவர்கள் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், அந்தக் கடன் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலோடு திரும்பி வருவார்கள். "இதுவரைக்கும் ஒரு மாசம்கூடத் தவறினதில்ல சார்."

எங்கள் பழைய கட்சிக்காரர் ஓடவில்லை. கைதானார், ஜெயிலுக்குப் போனார், வீடு ஏலம் போயிற்று. மாமியின் இரண்டாவது பெண்ணின் கல்யாணம் நான்கு வருஷம் தள்ளிப் போய்க் கோயில் மண்டபத்தில் எளிமையாக நடந்தது. குழாயடியில் நான் சொன்ன பதிலைப் பற்றி மாமி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவருடைய விண்ணப்பத்தை நானே எழுதினேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே போனேன்.

2012-ல் பணப் பங்கீடு நடந்தது. வருவாய் அதிகாரி அலுவலகத்தில் வரிசையில் மாமியை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எழுபத்தெட்டு வயது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பழைய தினசரித் தாள், அதற்குள் மூன்று ரசீதுகள். கம்பெனியின் முத்திரை இன்னும் பளபளவென்று இருந்தது. அசலில் ரூபாய்க்கு இருபத்திரண்டு காசு என்று கணக்காகியிருந்தது. மூன்று லட்சத்துக்கு 66,000. அலுவலகப் பெண் செக்கைக் கொடுத்துவிட்டு, ரசீதின் பின்னால் 'ஒரு பகுதி வழங்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் திருப்பிக் கொடுத்தார். மாமி செக்கை என்னிடம் நீட்டினார், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. ரசீதுகளை மட்டும் மறுபடி அதே தாளில் மடித்து, கவருக்குள் போட்டு, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

"மீதி வரச்சே இது கேப்பாளோன்னோ?" என்றார்.

"ஆமாம் மாமி, கேப்பா" என்றேன்.